வாங்கிய இடத்தில் புதைந்திருந்த பெட்ரோல் டேங்க்

கேள்வி: ஐயா, கோவையில் ஒரு பழைய ஃபவுண்டரி இடத்தை மூன்று வருடங்களுக்கு முன் வாங்கினேன். போன மாதம் ஷெட் போட அஸ்திவாரம் தோண்டியபோது துருப்பிடித்த பெட்ரோல் டேங்க் வெளிப்பட்டது. சுற்றிலும் மண்ணில் பெட்ரோல் வாடை. பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் ஆறு மாதமாக அதே வாடையாம். விற்றவரைக் கேட்டால், பத்திரத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று இருக்கிறதே என்கிறார். மண்ணைத் தள்ளி மேலே கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. என்ன செய்வது?

பதில்: மேஸ்திரி சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். போன மாதம் வரை உங்களுக்கு இது தெரியாது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், 24-ஆம் பிரிவில், நச்சுப் பொருள் கிணற்றிலோ நிலத்திலோ கலக்க 'தெரிந்தே' இடம் கொடுப்பதைத் தடை செய்கிறது. இன்று மூடினால் அந்தச் சொல் உங்கள் மேல் வந்து உட்காரும்.

வழக்கை விட அவசரமானது பக்கத்து வீடு. அந்தத் தண்ணீரை அவர்கள் குடிக்கவும் கூடாது, குளிக்கவும் கூடாது. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது. கொதிக்க வைத்தால் அது ஆவியாகி வீட்டுக்குள்ளேயே நிற்கும். கிணற்றில் ஆவி தேங்கியிருந்தால் மோட்டாரின் ஒரு பொறி போதும். லாரித் தண்ணீருக்கு இன்றே ஏற்பாடு செய்யுங்கள். பொறுப்பை ஒப்புக்கொண்டு தரவில்லை என்று ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பொறுப்பை ஏற்றதாகிவிடுமோ என்று பயந்து அந்தக் குடும்பத்தைக் காக்க வைக்காதீர்கள்.

அடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதிகாரி முன்னிலையில் மாதிரி எடுக்கக் கேளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி நிரப்பிக் கொண்டுபோனால் பென்சீன் வழியிலேயே பறந்துவிடும். கண்ணாடிக் குப்பியில் காற்றே இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். அதனால் உங்கள் இடத்தில் ஆழ்துளைக் கிணறு இருந்து அதில் வாடை இல்லை என்றாலும், மாசு இல்லை என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. கோவைப் பக்கம் பாறை பூமி, வெடிப்பு போகும் வழியில்தான் தண்ணீரும் போகும். குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகளாவது போட்டு நீர்மட்டம் பார்த்தால்தான் ஓட்டம் எந்தப் பக்கம் என்று புரிய ஆரம்பிக்கும். சுத்திகரிப்பில் மிதக்கும் பெட்ரோலை வழித்தெடுப்பது, மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சுவது, தண்ணீரை இறைத்துச் சுத்தப்படுத்துவது எனப் பல வழிகள் உண்டு. வருடக்கணக்கில் ஆகலாம்.

செலவு யாருடையது? ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்துக் கிணறுகள் ரசாயனக் கழிவால் பாழான வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம், இழப்பீடு மட்டுமல்ல, மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் மாசுபடுத்தியவருடையதே என்றது. பக்கத்து வீட்டுக்காரர் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் போகலாம். இடம் உங்கள் கையில் இருப்பதால் உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள். அங்கே விற்றவரையும் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள்.

அவரிடமிருந்து உங்கள் பணத்தை மீட்பது தனி வழக்கு, சிவில் நீதிமன்றத்தில். சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவே மோசடி என்கிறது அந்தப் பிரிவு. தெரிந்தே மறைத்தவருக்கு 'உள்ளது உள்ளபடி' என்ற வரி கவசமாகாது. டேங்க் இருந்தது அவருக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க, வெடிபொருள் துறையில் பழைய லைசென்ஸ் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மோசடி வெளிப்பட்ட நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

வழக்குப் போட்டதும் அட்வகேட் கமிஷனரை நியமிக்கக் கேட்டு, டேங்கின் ஓட்டை, மண், கிணறு எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். டேங்கை வெட்ட கேஸ் கட்டர் வைக்க விடாதீர்கள். உள்ளே ஆவி இருக்கும். பதிவு முடியும்வரை டேங்கைப் பழைய இரும்புக் கடைக்கும் போட்டுவிடாதீர்கள்.