அரிசி யார் கையில்?

சேலை விலை கூடினால் அடுத்த மாதம் வாங்கலாம். அரிசியை அப்படித் தள்ளிப்போட முடியுமா? முடியாது. விலை கூடினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஊரில் ஒருவரிடம் மட்டும் அரிசி இருந்தால் என்ன ஆகும்? அவர் சொன்னதே விலை. வேறு கடை இல்லை. பேரம் பேசவும் வழி இல்லை. இப்படி ஒரு பொருள் முழுவதும் ஒரே கையில் இருப்பதை ஏகபோகம் என்பார்கள்.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் முன்பு திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தன. அங்கே விளைந்த நெல் மக்களுக்குப் போதவில்லை. பர்மாவிலிருந்து கப்பலில் அரிசி வந்தது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. அரிசி வரவு நின்றது. இருப்பு வைத்திருந்த சிலரின் கை ஓங்கியது. விலை ஏறியது. ஏழைகள் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்றார்கள். பட்டினியாலும் நோயாலும் பலர் இறந்தார்கள்.

அந்தப் போர்க்காலத்தில் அரசு ரேஷன் முறையைக் கொண்டு வந்தது. அட்டைக்கு இவ்வளவு அரிசி, அதற்கு இன்ன விலை என்று வகுத்தது. பணம் உள்ளவரும் இல்லாதவரும் வரிசையில் நின்றார்கள்.

1956 நவம்பர் 1இல் மாநில எல்லை மாறியது. நெல் விளையும் நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. வயல் ஒரு மாநிலத்தில், அடுப்பு இன்னொரு மாநிலத்தில் என்று ஆனது. இதனால் எல்லை ஊர்களுக்கு ரேஷன் கடை இன்னும் முக்கியமானது.

ரேஷன் கடையும் பல ஊர்களில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஏகபோகம்தானே என்று கேட்கலாம். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே விலையைக் கடைக்காரர் வைப்பதில்லை, அரசு வைக்கிறது. விலையும் அளவும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எடையில் குறைக்கலாம். "அரிசி வரவில்லை" என்று திருப்பி அனுப்பலாம். அட்டை அந்த ஒரு கடையில் மட்டும் செல்லும்போது ஏழை என்ன செய்வார்?

2018இல் கேரள ரேஷன் கடைகளில் விரல் வைக்கும் இயந்திரம் வந்தது. வாங்கிய அளவும் விலையும் ரசீதில் அச்சாகின்றன. மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். ஒரு கடை சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். இது ஏழைக்குக் கிடைத்த பலம்.

விற்பவர் ஒருவர் என்பது மட்டும் அநியாயம் ஆகாது. விலையைக் கேட்க ஆள் இல்லை, வேறு கடைக்குப் போக வழி இல்லை என்றால்தான் அநியாயம் பிறக்கும்.

ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எழுத்துக்கூட்டிப் படியுங்கள். எடையைப் பாருங்கள். குறை இருந்தால் தாலுகா சப்ளை ஆபீஸில் எழுதிக் கொடுங்கள்.

பேசிப் பார்ப்போம்:
1. உங்கள் ஊரில் ஒரே ஒருவர் மட்டும் விற்கும் பொருள் எது?
2. அதன் விலையை யார் வைக்கிறார்கள்?