பந்தை எண்ணுங்கள்!

வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து முன்காலை ஊன்றும்போது, உடல் எடையைப் போல் பல மடங்கு விசை காலிலும் முதுகிலும் இறங்கும். இது ஒரே பந்துக்கு! அதனால்தான் பெரிய அணிகளில், பயிற்சியில் வீசுற பந்தையும் சேர்த்து எண்ணி எழுதுறாங்க.

கணக்கு எப்படி?
கடந்த 4 வாரங்களில் வீசிய பந்துகள்: 120, 130, 110, 120. சராசரி 120. இந்த வாரம் திடீர்னு 240 வீசினால் இரண்டு மடங்கு! உடம்பு பழக நேரமே இல்லை. காயம் அன்றைக்கே தெரியாது; சில வாரம் கழித்தும் வரலாம். ரொம்ப நாள் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக வீசுவதும் இதே ஆபத்துதான்.

உங்களுக்குத் தெரியுமா?
ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 2011-ல், 18 வயதில், முதல் டெஸ்டிலேயே 7 விக்கெட் எடுத்தார். பிறகு முதுகெலும்பில் கீறல், பல காயங்கள். அடுத்த டெஸ்ட் ஆடியது 2017-ல், ராஞ்சியில்! நம் பும்ரா 2025-ல் இங்கிலாந்தில் 5 டெஸ்டில் 3 மட்டுமே ஆடியதும் இந்தப் பளுவைக் குறைக்கத்தான்.

நம்ம வயசில் முதுகெலும்பு இன்னும் முழுசா கெட்டிப்படவில்லை. ஆகவே பந்து போடும் நண்பர்களே, தோழிகளே! தினமும் எண்ணி நோட்டில் எழுதுங்க. முதுகு வலிச்சா மறைக்காம பி.டி. சாரிடம் சொல்லுங்க.