மழை மாறும் மாதங்களில் டீசல் டாங்கி

ஏப்ரல், மே மாதங்கள் மலாக்காவில் பருவக்காற்று மாறும் காலம். முற்பகலில் வெயில் கொளுத்தும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் திறந்த வெளியில் நிற்கும் டீசல் டாங்கிகளுக்கு இது சோதனைக் காலம்.

வெயிலில் டாங்கிக்குள் இருக்கும் காற்று விரிந்து மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். மழை பட்டதும் தகடு குளிர்ந்து, காற்று சுருங்கி, வெளியிலுள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தகட்டின் உட்புறம் வியர்வையாக அரும்பி, சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் தேங்கும். 2019 முதல் மலேசியாவில் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலக்கப்படுகிறது. இக்கலவை சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை ஏற்கும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, வழுவழுப்பான கருங்கசடாகி, ஃபில்டரை அடைக்கும்.

ஆகவே முதல் வேலை நிழல். நான்கு பக்கமும் காற்றோடும்படி தகரக் கூரை போட வேண்டும். டாங்கிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, கரியும் பாசியும் படியாமல் கழுவி வர வேண்டும். டாங்கியில் காலியிடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும். ஆனாலும் எண்ணெய் விரிவதற்கு 5 விழுக்காடாவது இடம் விடுவது அவசியம். மூச்சுக்குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

காலையில் எண்ணெய் இறைப்பதற்கு முன், அடிக்குழாயைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் சிறிது பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் இருந்தால் அது எண்ணெய்க்குக் கீழே தனியாகத் தெரியும். தெளிந்த எண்ணெய் வரும்வரை வடித்து, வடித்ததைக் கால்வாயில் ஊற்றாமல் தனி டிரம்மில் சேர்க்க வேண்டும்.

நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல்தட்டில் மழைநீர் தேங்கும். டிரம் குளிரும்போது மூடியின் இடுக்கு வழியே அந்நீர் உள்ளே போகும். டிரம்மைப் படுக்க வைத்து, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி திருப்பி, உருளாமல் கட்டை கொடுக்க வேண்டும்.

அளவுகோல் விடுவதற்கு விடியற்காலையே ஏற்ற நேரம். 10,000 லிட்டர் டீசல் 10 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய 80 லிட்டர் சுருங்கும். மாலையில் ஒரு கணக்கும் மறுநாள் காலையில் ஒரு கணக்கும் எடுத்தால், திருட்டு நடக்காமலே ஸ்டோர்காரர் மீது பழி விழும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, எண்ணெயின் வெப்பநிலையையும் பதிவேட்டில் எழுதினால் அந்தப் பழி வராது.

புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெட்ரோலை டீசலோடு சேர்த்து வைக்கக் கூடாது. அதன் ஆவி நம் ஊர் வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடியது. இடி முழங்கும்போது லாரியிலிருந்து எண்ணெய் இறக்குவதையும் டாங்கி மூடியைத் திறப்பதையும் நிறுத்தி, மழை ஓய்ந்த பிறகே தொடர வேண்டும்.