அவே மேட்சுக்கு பஸ் புக் பண்றீங்களா? காலி சீட்டுக்கு யார் காசு கொடுப்பாங்க?

சென்னையின் எஃப்சி பெங்களூருவில் ஆடுற நாள்ல ராணிப்பேட்டைக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு. முத்துக்கடையில் வண்டி ஏறினால் ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம் சுமார் 230 கிலோமீட்டர்தான். சென்னை ரசிகருக்கு அது கிட்டத்தட்ட 350. 2018 மார்ச் 17 சனிக்கிழமை ஐஎஸ்எல் ஃபைனல் நடந்ததும் அதே மைதானத்தில்தான். பெங்களூரு எஃப்சிக்கு அது சொந்த ஊர். சேத்ரி முதல் கோல் போட்ட பிறகும் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று என்று அடித்து 3–2ல் நாம கப்பைத் தூக்கினோம். அதனால் பெங்களூரு மேட்ச் என்றாலே "பஸ் போடலாம்டா" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். அந்த ஒருத்தர் நீங்களாக இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

பஸ் வாடகையில் பலருக்கும் புரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. மேட்ச் டிக்கெட், சாப்பாடு எல்லாம் தலைக்கு இவ்வளவு. ஒருத்தர் வரலைன்னா அந்தச் செலவும் வராது. பஸ் அப்படியில்லை. 40 பேர் ஏறினாலும் 25 பேர் ஏறினாலும் டீசல், டிரைவர் பேட்டா, பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி டோல் எல்லாம் அதேதான். இதை நிலையான செலவு என்போம். ஃபேக்டரி வாடகை மாதிரி. ஷூ எத்தனை ஜோடி தைச்சாலும் வாடகை மாறாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட்டை நீங்க கேட்டுக்கோங்க. பஸ் எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய். வாட்ஸ்அப் குரூப்பில் 40 பேர் கை தூக்கினாங்க, தலைக்கு 900 என்று அறிவிச்சாச்சு. கிளம்புற அன்னைக்கு 31 பேர் வர்றாங்க. ஒருத்தருக்கு ஷிஃப்ட் மாறிடுச்சு, ஒருத்தர் வீட்டில் விசேஷம், இன்னொருத்தர் போனையே எடுக்கலை. ஒன்பது பேர் பங்கு 8,100 ரூபாய் இப்போ அந்தரத்தில் நிற்குது. வந்தவங்களிடம் 1,161 கேட்டால் சண்டை. கேட்கலைன்னா ஏற்பாடு செய்தவர் தலையில்.

அவர் என்ன பண்ணுவார்? முதல் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பையன், சம்பளம் 22,000. கிரெடிட் கார்டில் தேய்ப்பார். பில் வந்ததும் மினிமம் தொகையை மட்டும் கட்டுவார். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் போல. 8,100க்கு ஒரு மாத வட்டி 283, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 335 ரூபாய் கிட்ட. தொகை சின்னதாத்தான் தெரியும். ஆனால் பாக்கி வைத்த மாதத்திலிருந்து அந்தக் கார்டில் புதுசா வாங்குற பெட்ரோல், மளிகைக்கும் வட்டியில்லா நாட்கள் போயிடும். வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓடும். நண்பர்களுக்குப் பஸ் பிடிச்ச நல்ல மனசுக்கு இது அநியாயமான தண்டனை.

இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. கை தூக்கின எண்ணிக்கைக்கு விலை வைக்காதீங்க, குறைஞ்சபட்சம் எத்தனை பேர் நிச்சயம் வருவாங்களோ அதுக்கு வைங்க. அதே 36,000ஐ 32 பேரால் வகுத்தால் 1,125. இதை முன்கூட்டியே எல்லாரிடமும் வாங்குங்க. 40 பேரும் வந்தால் கையில் 45,000 இருக்கும், பஸ்ஸுக்குப் போக 9,000 மிச்சம், தலைக்கு 225 திருப்பி அனுப்பலாம். திரும்பி வந்த காசுக்கு யாரும் கோபப்பட மாட்டாங்க. கூடுதலா கேட்கிற காசுக்குத்தான் நட்பு கெடும். பணம் வந்த பிறகுதான் பெயர் பட்டியலில் ஏறும். "மச்சி, கண்டிப்பா வர்றேன்" என்பது பணம் இல்லை. (சென்னையின் ரசிகர் குழு ஒண்ணுக்குப் பேரே சூப்பர்மச்சான்ஸ். மச்சான்களை நம்பலாம், ஆனா யுபிஐ வந்த பிறகு நம்பலாம்.)

பின்வாங்குறவங்களுக்கான விதியையும் பணம் வாங்கும் முன்பே எழுதிப் போடுங்க. குறிப்பிட்ட தேதி வரை முழுப் பணம் திரும்பும். அதுக்குப் பிறகு, பதிலுக்கு ஆள் கிடைத்தால் மட்டும். காத்திருப்புப் பட்டியல் ஒண்ணு வைச்சிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

மேட்சே மாறிப்போனால்? இது கற்பனை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நடக்க வேண்டிய கொல்கத்தா அணியுடனான அரையிறுதி புனேவுக்குப் போனது. 2025 ஜூலையில் வரப்போற ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. அதனால் பஸ் ஓனரிடம் தேதி மாறினால் அட்வான்ஸ் அப்படியே நகருமா, எவ்வளவு பிடிப்பீங்க, ஜிஎஸ்டி சேர்த்த ரேட்டா என்று கேட்டு, பதிலை மெசேஜில் வாங்கிக்கோங்க. வாயால் சொன்னது மேட்ச் ரத்தான மறுநாள் மறந்துபோகும். கர்நாடகாவுக்குள் போக டூரிஸ்ட் பர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கான்னும் பாருங்க. பத்து பேர்தானே என்று வெள்ளை போர்டு வேனை வாடகைக்குப் பிடிக்காதீங்க. விபத்து நடந்தால் க்ளெய்மை மறுக்க அதுவே காரணமாகும்.

பத்துப் பேருக்குக் கீழே என்றால் தனி வண்டியே வேண்டாம் என்பது என் கருத்து. காட்பாடியிலிருந்து ரயில், இல்லைன்னா சென்னையிலிருந்து வர்ற ரசிகர் பஸ்ஸில் வழியில் ஏற இடம் கேளுங்க. அவங்களுக்கும் காலி சீட் தலைவலிதான், சந்தோஷமா கொடுப்பாங்க.

இன்னொரு செலவு பஸ் கணக்கில் வராது. ஞாயிறு இரவு மேட்ச் முடிந்து வீடு வர விடியற்காலை ஆகும். திங்கள் லீவு இல்லாமல் சம்பளம் பிடித்தால், 22,000ஐ 26 நாளால் வகுத்து 846 ரூபாய். பஸ் கட்டணத்துக்குக் கிட்ட வந்துடுச்சு பாருங்க. சனிக்கிழமை மேட்சைத் தேர்ந்தெடுக்க இது போதுமான காரணம்.

கடைசியா, எல்லாரும் கேட்கிற வரிக் கேள்வி: "சார், என் அக்கவுண்ட்டில் 45,000 வந்துச்சே, வருமானமா?" இல்லை. மற்றவங்க செலவுக்கு அவங்க கொடுத்த பணம், நீங்க கைமாத்தி விடுறீங்க. ஆனா அதைக் காட்ட ஆதாரம் வேணும். சம்பள அக்கவுண்ட்டில் கலக்காமல் தனி சேமிப்புக் கணக்கில் வாங்குங்க. பஸ் பில், டோல், யார் எவ்வளவு கொடுத்தாங்க, எவ்வளவு திரும்பிப் போச்சு என்று ஒரே ஷீட்டில் போட்டு குரூப்பில் பகிருங்க. உங்க உழைப்புக்காக ஒரு சீட் இலவசம் என்று எடுத்துக்கிட்டால் அதையும் அந்த ஷீட்டில் எழுதுங்க. மிச்சத்தைத் திருப்பாமல் தலைக்கு நூறு ரூபாய் வைத்துக்கொண்டு மாசாமாசம் பஸ் போட ஆரம்பிச்சால் மட்டும் கதை வேற. அந்த நூறு உங்க வருமானம், ரிட்டர்னில் காட்டணும்.