நாடக ராத்திரிக்கும் கடற்கரை வெயிலுக்கும் எந்தக் கேமரா?

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், கட்டுமாவடியில் இருந்துகொண்டு நல்ல வீடியோக் கேமரா ஒன்று வாங்கப் புறப்படுகிறவரிடம் கடைக்காரர் முதலில் பட்ஜெட்டைக் கேட்பார். அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, இதை வைத்து எதை எடுக்கப் போகிறோம் என்பது. இந்தக் கரையில் கேமரா பிடிப்பவருக்கு வரும் வேலைகளை எண்ணிவிடலாம். விடிகாலையில் கரைக்கு வரும் நாட்டுப்படகுகள், அதையொட்டி நடக்கும் மீன், நண்டு ஏலம். மணமேல்குடி, அறந்தாங்கி பக்கத்துச் சாலைகளில் நடக்கும் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம். கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்க நடக்கும் வள்ளி திருமணம் நாடகம். இவற்றுக்கு நடுவே வருஷம் முழுக்கக் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல். ஒன்றுக்குப் பொருந்தும் கேமரா இன்னொன்றில் திணறும். லட்சத்தைத் தாண்டும் செலவு என்பதால், எங்கே திணறும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

முதல் கேள்வி, கேம்கார்டரா, லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் கேமராவா என்பது. இன்று இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. பெரிய சென்சார், பின்னணி மங்கி மணப்பெண்ணின் முகம் மட்டும் தெளியும் அழகு, அதே கருவியில் புகைப்படமும் எடுக்கும் வசதி. கல்யாணம் மட்டுமே உங்கள் தொழில் என்றால் மிரர்லெஸ்ஸே வாங்குங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் நாடகமும் பந்தயமும் படகும் சேர்ந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. 2021இல் வந்த சோனி இசட்.வி. இ10 போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கார்டு போட ஒரே இடம். வெயிலில் கண் வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் கிடையாது. தூரத்துப் படகை நிறைய இழுத்துக் காட்ட 400 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும், அதன் எடையும் விலையும் கேமராவையே தாண்டிவிடும். பழைய டி.எஸ்.எல்.ஆர். வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தடை: ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் அவற்றில் பெரும்பாலானவை பதிவு செய்யாது. அரை மணியைத் தாண்டினால் வீடியோக் கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி போட்டதால், நிறுவனங்கள் 29 நிமிடம் 59 வினாடியில் நிறுத்திவிட்டன. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடு பிடிக்கும் நேரத்தில் கேமரா தானாக நின்றால், அந்த இடத்தை இன்னொரு முறை நடிக்கச் சொல்ல முடியாது.

கேம்கார்டர் இதற்கென்றே செய்யப்பட்ட கருவி. அகலக் காட்சியிலிருந்து தொலைவு வரை ஒரே லென்ஸ், இரண்டு கார்டு, நீண்ட நேரப் பதிவு. இந்தச் சந்தை சுருங்கிவிட்டது உண்மைதான். கைபேசி வந்தபின் சிறிய ஹேண்டிகேம்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மேல்மட்டத்தில் மிஞ்சியிருப்பவை சில. அவற்றுள் இரண்டை எதிரெதிராக வைத்துப் பார்த்தாலே மற்றவையும் புரிந்துவிடும்: 2017இல் வந்த சோனி எஃப்.டி.ஆர். ஏ.எக்ஸ்.700, அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்த பானசோனிக் ஹெச்.சி. எக்ஸ்1500.

சோனியில் ஒரு இஞ்ச் வகை சென்சார், 12 மடங்கு ஸூம். புகைப்படக் கணக்கில் சொன்னால் 29 முதல் 348 மில்லிமீட்டர் வரை. பானசோனிக்கில் அதைவிட மிகச் சிறிய சென்சார், ஆனால் 24 மடங்கு ஸூம், 25 முதல் 600 மில்லிமீட்டர். சென்சார் பரப்பில் சோனியுடையது நாலரை, ஐந்து மடங்கு பெரியது. கடையில் இதை மட்டும் சொல்லி, இருட்டில் சோனிதான் என்று முடித்துவிடுவார்கள். லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அகலக் காட்சியில் சோனி லென்ஸ் எஃப் 2.8 வரைதான் திறக்கும், பானசோனிக் 1.8 வரை திறக்கும். அந்தத் திறப்பில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சம் அதிகம் உள்ளே வருகிறது. ஆக இருட்டில் சோனியின் அனுகூலம் ஐந்து மடங்கிலிருந்து இரண்டு மடங்காகக் குறைந்துவிடுகிறது. இரண்டு மடங்கும் சிறிய விஷயமல்ல, நாடக மேடையில் பபூன் விளக்கை விட்டு ஓரத்துக்குப் போகும்போது அது தெரியும். ஆனாலும் அதற்காக 600 மில்லிமீட்டர் ஸூமைக் கைவிடலாமா என்று யோசிக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஸ்டாண்டு போட இடம் கிடைப்பது பெரும்பாலும் பந்தலின் கடைசியில். அங்கிருந்து ஆர்மோனியக்காரரின் விரலையோ ராஜபார்ட்டின் கண்ணையோ காட்ட 348 போதாது.

நிலைமை பந்தயத்தில் தலைகீழ். பெரியமாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று எந்தப் பிரிவானாலும் வண்டி கேமராவை நோக்கி நேராக ஓடி வரும். ஃபோகஸ் அதன் கூடவே பின்வாங்கிக்கொண்டு வர வேண்டும். சோனியில் 273 இடங்களில் தூரத்தை அளந்து ஃபோகஸ் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது, மாட்டின் முகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். பானசோனிக் இதில் சற்றுத் தேடும். சாலையில் ஓரிடத்தைக் குறித்து, அங்கே கையால் ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கத் தெரிந்தவருக்கு அது குறையாகத் தெரியாது. மறுபக்கம், 4கே தரத்தில் சோனி வினாடிக்கு 25 படம்தான் எடுக்கும், பானசோனிக் 50 எடுக்கும். ஓடும் கால்களைப் பாதி வேகத்தில் காட்டும்போது அந்த 50 கைகொடுக்கும்.

என் முடிவு இது. நாடகமும் கோயில் விழாவும் பாதிக்கு மேல் என்றால் எக்ஸ்1500 வாங்குங்கள், முடிந்தால் கைப்பிடியும் அதில் எக்ஸ்.எல்.ஆர். மைக் துளைகளும் சேர்ந்தே வரும் எக்ஸ்2000. விடிகாலைக் கடற்கரையும் பந்தயமும் ஆவணப்படமும் உங்கள் மனசு என்றால் ஏ.எக்ஸ்.700. கேனான் பக்கம் லெக்ரியா ஹெச்.எஃப். ஜி70 இருக்கிறது. 20 மடங்கு ஸூம், சிறிய சென்சார். நேரலைக்கு யு.எஸ்.பி. கம்பியிலேயே கணினியில் சேரும் என்பது அதன் சிறப்பு. ஆனால் 4கேயில் 50 படம் கிடையாது.

இந்த விலையில் எதை வாங்கினாலும், வெளிச்சத்தைக் குறைத்து விடும் என்.டி. ஃபில்டர் உள்ளேயே இருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் கூடாது. வினாடிக்கு 25 படம் எடுக்கும்போது ஷட்டர் ஐம்பதில் ஒரு வினாடியில் நின்றால்தான் அசைவு இயல்பாக இருக்கும். நடுப்பகல் மணல் வெளிச்சத்தில் அந்த ஷட்டருக்கு லென்ஸை எஃப் 22 வரை சுருக்க வேண்டும். சிறிய சென்சாரில் 8ஐத் தாண்டிச் சுருக்கினாலே படத்தின் கூர்மை போய்விடும். அதனால் என்.டி. இல்லாத கேமரா ஷட்டரை எண்ணூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று ஏற்றிவிடுகிறது. அலை நொறுங்கி நொறுங்கி விழுகிறது, மாட்டின் கால் வெட்டி வெட்டி ஓடுகிறது. பதினாறில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும் என்.டி.யைப் போட்டால் அதே காட்சி எஃப் 5.6இல் ஐம்பதில் ஒன்றிலேயே நிற்கும். மேலே சொன்ன சோனியிலும் பானசோனிக்கிலும் நாலில் ஒன்று, பதினாறில் ஒன்று, அறுபத்துநாலில் ஒன்று என மூன்று படிகள் உண்டு. சோனி ஏ.எக்ஸ்.53 போன்ற விலை குறைந்த ஹேண்டிகேம்களில் இது இல்லை.

அந்த ஏ.எக்ஸ்.53க்கும் ஒரு பெருமை உண்டு. லென்ஸும் சென்சாரும் சேர்ந்தே உள்ளுக்குள் மிதந்து ஆட்டத்தை ஈடுகட்டும் அமைப்பு அதில் இருக்கிறது. நாட்டுப்படகில் உட்கார்ந்து எடுக்க அதைப் போல ஒன்று கிடைப்பது அரிது. படகில் போவதுதான் முக்கிய வேலை என்றால், பழையதாகவாவது ஒன்றைத் தேடிப் பிடித்து, முன்னால் திருகும் என்.டி. கண்ணாடி ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். படகில் ஸ்டாண்டு உதவாது. ஸூமை முழுக்க வெளியே விட்டு, உட்கார்ந்து, முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் போதும். இன்னொன்று: இவற்றில் எதுவும் தண்ணீர் தாங்காது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அரசு 2022இல் அறிவித்தது. அங்கே வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, மீனவர்கள் கடலில் திரும்ப விடும் காட்சிகளை நாம் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள் கைபேசியில் எடுத்ததைத்தான். ஈரக் கைக்கு அதுதான் சரி.

வெளிநாட்டிலிருந்து மச்சானோ சித்தப்பாவோ வாங்கி வரும் கேமராவைப் பற்றி இந்தக் கரையில் தனியாகச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் வாங்கியது பெரும்பாலும் நம் ஊருக்குப் பொருந்தும். அமெரிக்கா, ஜப்பானில் விற்பது வினாடிக்கு 30, 60 படம் என்ற கணக்கில் ஓடும். நம் மின்சாரம் 50 சுழற்சி, அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. அறுபதில் ஒரு வினாடி ஷட்டரில் அந்தத் துடிப்பு அரையும் குறையுமாக விழுந்து படம் மினுங்கும், அல்லது குறுக்கே பட்டை ஓடும். ஷட்டரைக் கையால் நூறில் ஒன்றுக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் 25 படத்தில் எடுத்த மற்ற கேமராக் காட்சியோடு வெட்டி ஒட்டும்போது அசைவு தட்டும். 50, 60 இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி மெனுவில் உண்டா என்று வாங்கும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

இப்போது ஒலி. நான் மிகவும் வருந்துவது இதைப் பற்றித்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் வகுத்த வழியில் வரும் நாடகம் இந்த மாவட்டத்தில் இன்னும் உயிரோடு ஆடப்படுகிறது. நல்ல ராஜபார்ட் ஒருவர் ஒரு ராத்திரி பாடியதற்கு, அன்று நீங்கள் எடுத்த வீடியோவைத் தவிர வேறு சாட்சி இருக்காது. படம் 4கேயில் பளபளக்க, பாட்டு குழாய் ஸ்பீக்கரில் உடைந்து கேட்கும் பதிவுகள் எத்தனை! கேமராவிலேயே இருக்கும் மைக் பந்தலுக்குப் போதவே போதாது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே பேசி, மிக்சரிலிருந்து ஒரு கம்பி வாங்குங்கள். அதை ஒரு சேனலில் விடுங்கள், கூட்டத்தின் சிரிப்பையும் கைதட்டலையும் இன்னொரு சேனலில் மைக் வைத்துப் பிடியுங்கள். மிக்சரிலிருந்து வரும் ஒலி மைக் ஒலியைவிடப் பல மடங்கு பலமானது. கேமராவில் லைன், மைக் என்று மாற்றும் இடத்தில் லைனில் வைக்காவிட்டால் விடிய விடியக் கரகரப்புதான். எக்ஸ்2000க்கு நான் சாய்வதற்கு இந்த எக்ஸ்.எல்.ஆர். துளைகளே பெரிய காரணம். சோனிக்கு அதைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கடற்கரையில் வாடைக்காற்றுக்கு மைக் மேல் போடும் ரோம உறை கட்டாயம், வெறும் ஸ்பாஞ்சு தாங்காது.

கார்டுக் கணக்கும் நாடகத்தை வைத்தே போட வேண்டும். 100 எம்.பி.பி.எஸ். 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. தின்னும். ஏழு மணி நேர நாடகத்துக்கு 315. அதையே 50 எம்.பி.பி.எஸ். ஹெச்.டி.யில் எடுத்தால் பாதிதான், 128 ஜி.பி. கார்டு இரண்டு போட்டால் ஒன்று நிறைந்ததும் மற்றதற்குத் தானாகத் தாவும். நாடகத்துக்கு ஹெச்.டி. போதும் என்பது என் கருத்து. நடுராத்திரியில் ஜெனரேட்டர் மாற்றும் அரை நிமிடத்தில் கேமரா அணையாமல் பேட்டரிக்கு மாறுகிறதா என்பதைக் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

பணத்தை முழுக்கக் கேமராவில் போட்டுவிடாதீர்கள். 600 மில்லிமீட்டரில் மூச்சு விட்டாலும் படம் ஆடும். எண்ணெய் போல வழுக்கித் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட் ஸ்டாண்டு, மைக், கார்டு, கூடுதல் பேட்டரி ஆகியவற்றுக்கு மொத்தத்தில் கால் பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கேமரா தேடுங்கள். அந்த மிச்சத்துக்குப் புதுசு எட்டவில்லை என்றால், பழைய ஏ.எக்ஸ்.700 ஒன்றை, தோளில் வைக்கும் சோனி எம்.சி.2500க்கு மேலாகவே நான் சொல்வேன். எம்.சி.2500 இந்தப் பக்கக் கல்யாணங்களில் உழைத்த கேமரா, இன்னும் பலரிடம் ஓடுகிறது. ஆனால் அதன் சென்சார் மிகச் சிறியது, 4கேயும் இல்லை.

பழையது வாங்கும்போது கடலோரத்தில் புழங்கிய கேமராவா என்று கேளுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். பேட்டரி கழற்றும் இடத்தில் செம்பு நிறத் தகடு பச்சை பூத்திருந்தாலும் வேண்டாம். ஸூமை முழு நீளம் இழுத்து, ஒரு சுவரெழுத்தில் ஃபோகஸ் வைத்து, மெல்ல வெளியே வாருங்கள். வழியில் எழுத்து மங்கினால் லென்ஸ் அடி வாங்கியிருக்கிறது. என்.டி. மூன்று படியும் சத்தமில்லாமல் மாறுகிறதா, இரண்டு கார்டும் பதிவாகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகும்போது உங்கள் கார்டையே எடுத்துப் போய், கடையின் டியூப் லைட்டின் கீழ் பத்து நிமிடம் எடுத்து, அங்கேயே ஒரு கணினியில் போட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வாங்கி வந்த பின் உப்புக்காற்று மீதி வேலையைப் பார்க்கும். கடற்கரையிலிருந்து வந்த அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உடம்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். லென்ஸில் மட்டும் அந்தத் துணி படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் பையில் வைத்துப் பூட்டாதீர்கள், பையே ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டுவிட்டால் லென்ஸில் பனி பிடிக்காது.