மாலையைக் கழற்றிய பிறகு

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர் விரதம் முடியும்வரை சொட்டுக்கூடத் தொடமாட்டார். மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் நேரே டாஸ்மாக். 'மனசு வெச்சா முடியுதுல்ல, எல்லாம் கொழுப்பு' என்று வீட்டில் ஏசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரத நாட்களில் அவருக்கு ஒரு குருசாமி இருந்தார். பொழுது சாய்ந்தால் போய் உட்கார ஒரு பஜனை இருந்தது. கூடக் குடித்தவனே 'சாமி' என்று ஒதுங்கி நின்றான். மாலையோடு இவ்வளவும் போய்விடுகிறது. குடியை விட்ட புதிதில் வைராக்கியத்தைவிட இந்த ஆள்துணைதான் முக்கியம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. கைநடுக்கம், வியர்வை என்று தொடங்கி, இரண்டு மூன்று நாளில் வலிப்பு, புத்தி தடுமாற்றம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்துங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

உடம்பு தேறியதும், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நடத்தும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போங்கள். பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறையிலோ சர்ச் வளாகத்திலோ நடக்கும். சர்ச்சில் நடப்பதால் மதக் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். கடவுள் பேச்சு வரும், எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு. கட்டணம் கிடையாது. பெயரும் 'நான் ஒரு குடிநோயாளி' என்ற ஒரு வரியும் போதும். அதுவும் வாயில் வராவிட்டால் சும்மா கேட்டுவிட்டு வரலாம். தெரிந்தவர் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் தயங்குகிறார்கள். டாஸ்மாக் வரிசையில் பார்க்காதவரா அவர்? தவிர, அவரும் அதே நோய்க்குத்தான் அங்கே வந்திருப்பார். ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறு குழுவுக்குப் போங்கள். ஆண்களே நிறைந்த கூட்டத்தில் பெண்களுக்குச் சங்கடம் இருக்கும். பெண் உறுப்பினர் யாராவது உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கூட்டத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பாதீர்கள். நான்கைந்து பேரின் போன் எண்ணை வாங்கிவாருங்கள். ஏ.ஏ. பிறந்ததே ஒரு போன் அழைப்பில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், வந்த வியாபாரம் கெட்டுப்போய் ஓட்டலில் தனியாக நின்றார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் பார், மறுபக்கம் டெலிபோன். அவர் போனை எடுத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரிடம் பேச வழி கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏ.ஏ.

ஆனால் தவிக்கிற நேரத்தில் முதல் தடவையாக யாருக்கும் போன் போட வராது. அதனால் ஒரு தொந்தரவும் இல்லாத நாளிலேயே கூப்பிட்டுப் பழகுங்கள். 'சாப்பிட்டாச்சாண்ணே?' என்று கேட்டு வைத்தால்கூடப் போதும். ஆசை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணியும். அதுவரை பேச்சுக்கு ஆள் வேண்டும். வயிறு காயாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பசியில் ஆசை கூடும். சனிக்கிழமை சம்பளம், கல்யாண வீடு, சாவு வீடு இவற்றுக்குக் குடிக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கூட்டாளி 'ஒரு கட்டிங் மட்டும்' என்றால் வாதாட வேண்டாம். 'வேண்டாம் மச்சான்' என்று இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மனைவியை இந்தத் துணையாக்க வேண்டாம். வாயை மோந்து பார்ப்பதும் சட்டைப்பையைத் துழாவுவதும் அவருக்கும் நரகம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் உண்டு. அவர் அங்கே போகட்டும்.

ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால் அன்றிரவே அந்த எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் போங்கள். வெட்கமாக இருந்தால் கடைசி வரிசையில் உட்காருங்கள்.