பனிக்காலச் சிறு புட்களும் ஒளிப்படமும்

தமிழ் நூலோர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் வழங்கினர். திணைக்குரிய கருப்பொருள்களுள் புள்ளினையும் ஒன்றாக வைத்தனர். இப் பனிக்காலத்தே வடக்கினின்று நம் நாட்டிற்கு வரும் சிறு புட்களை ஒளிப்படம் எடுப்பது எங்ஙனம், எடுத்த படத்தைச் செம்மை செய்வது எங்ஙனம் என்பவற்றை, யான் பட்டறிந்த அளவில் ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

அங்ஙனம் வருவனவற்றுள் வாலாட்டி, தகைவிலான், கீச்சான் முதலியவற்றைப் பலரும் கண்டிருப்பர். பச்சைக் கதிர்க்குருவியைக் கண்டவர் சிலரே. இலையின் நிறமும் இலையினளவேயான உடலும் உடைய அது, பத்துக் கிராம் எடையும் நிரம்பாதது. ஆயினும் இமயத்தினின்றும் அதற்கு அப்பாலினின்றும் பறந்து வருவது. ஓரிடத்தில் இரண்டு நொடி நில்லாது, பகலெல்லாம் இலைக்கிடையே பூச்சி தேடித் திரிவது. இதனைப் படமெடுக்கக் கற்றவன் எச் சிறு புள்ளையும் எடுக்க வல்லனாவான்.

நோக்க வேண்டுவன மூன்று. முதலாவது ஒளி. பனி விலகிக் கதிரவன் தாழ நிற்கும் காலைப்பொழுதே சிறந்தது. வெயில் நம் முதுகின்மேல் விழுமாறு நிற்றல் வேண்டும். குளிரூட்டிய அறையினின்று காமிராவை வெளியே கொணர்ந்தவுடன் லென்சில் நீராவி படியுமாதலின், சிறிது நேரம் பையினுள்ளேயே வைத்திருந்து பின்னர் எடுத்தல் நன்று.

இரண்டாவது விரைவு. ஷட்டர் 1/1000 நொடிக்கு மேல் திறந்திருத்தலாகாது. ஒளி குறையின் ஐ.எஸ்.ஓ. அளவை 1600 வரை உயர்த்தலாம். அப்பொழுது படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். அவற்றைப் பின்னர்க் குறைத்துக்கொள்ளலாம். அசைவினால் அழிந்த இறகின் வரியை மீட்டல் அரிது.

மூன்றாவது பொறுமை. புள்ளைத் துரத்தற்க, அது மீண்டும் மீண்டும் வரும் கிளையை அறிந்து, அதன் கண் மட்டத்திற்கு ஒப்ப அமர்ந்து, காத்திருக்க. சிலர் அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிப்பித்து அருகே அழைப்பர். கதிர்க்குருவி பனிக்காலத்திலும் தனக்கென எல்லை வகுத்துக் காப்பது. அக் குரலைக் கேட்டுப் பகைவன் புகுந்தானென மயங்கி, இரை தேடும் பொழுதை வீணே இழக்கும். நமக்கு ஒரு படம். அதற்கோ ஒரு வேளை உணவு.

இனிச் செம்மை செய்யும் முறை. படத்தை ரா கோப்பாகவே எடுத்தல் வேண்டும். பின்னர்க் கணினியில், வேண்டாத ஓரங்களை வெட்டுக. ஒளியையும் நிறத்தையும் கண்ட காட்சிக்கு ஒப்ப அமைக்க. புள்ளிகளைச் சிறிதளவே குறைக்க. கூர்மையை இறுதியிற் சேர்க்க. 'சிறிதளவே' என்னும் சொல்லின் பொருளை யான் அறிந்தது என் பிழையினால்.

சென்ற மார்கழி விடுமுறையில், குற்றாலத்து மலையடிவாரத்தில், மூன்று நாட் காத்திருந்து ஒரு கதிர்க்குருவியைப் படமெடுத்தேன். விடுதிக்கு மீண்டபின், புள்ளிகளெல்லாம் ஒழியுமாறு அப்படத்தைத் துடைத்துத் துடைத்துப் பீங்கான் பொம்மைபோல் ஆக்கினேன். நண்பர் யாவரும் வியந்தனர். விலங்கியல் ஆசிரியர் ஒருவர் மட்டும் உற்று நோக்கி, "இறக்கையில் வெண்கோடு ஒன்றா, இரண்டா?" என்று வினவினார். பச்சைக் கதிர்க்குருவிக்கு மெல்லிய கோடு ஒன்றே தோன்றும். அம்மலைக்கு வரும், பெரிய அலகுடைய அதன் இனப் புள் ஒன்றிற்குப் பெரும்பாலும் இரண்டு தோன்றும். என் படத்திலோ ஒன்றும் இல்லை. புள்ளிகளோடு கோட்டையும் யான் துடைத்துவிட்டிருந்தேன். "மூலப்படம் எங்கே, தம்பி?" என்றார். இடம் போதாதென்று அதனை முன்னரே அழித்துவிட்டேன் என்றேன். அவர் வேறொன்றும் கூறிற்றிலர்.

அன்றிரவு உ. வே. சாமிநாதையரவர்களை நினைந்தேன். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெரியார், ஏடுதோறும் வேறுபட்ட பாடங்களை ஒப்புநோக்கியே மூலத்தைத் துணிந்தவர். தமக்கு விளங்காத சொல்லைத் தம் விருப்பப்படி திருத்தி, ஏட்டையும் எரித்திருப்பாராயின், இன்று நாம் கற்பது எந்நூலாயிருக்கும்? தமிழ் ஆனர்ஸ் பயிலும் யானே அதனை மறந்தேன். படத்தைச் செம்மை செய்தலும் ஒரு பதிப்புத் தொழிலே. உள்ளதை விளங்கச் செய்தல் திருத்தம். உள்ளதை இல்லையாக்கல் திரிபு.

ஆதலின், நண்பர்காள், காமிராவும் கையுமாய்ப் புறப்படும் நீவிர் மூலப்படத்தை ஏட்டுச்சுவடியெனப் போற்றுமின். என் படம் இன்றும் அறைச் சுவரில் உளது. காண்பவர் அழகிது என்பர். அதன் கீழ்ப் பெயரெழுதும் இடம் மட்டும் வெறிதாகவே உளது. வருகின்ற மார்கழியில் மீண்டும் அம்மரத்தடிக்குச் செல்வேன். ஒரு கோடா, இரு கோடா என்பதை அப் புள்ளே சொல்லட்டும்.